கேப்டன்கள் குறிப்பெடுத்த ஊரில் ஒரு தேர்தல்

1863 மே 1. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூன்றாம் ஆண்டில் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் நடுவில் உள்ள மவுண்ட் வெர்னன் என்ற சிற்றூரில் ஜனநாயகக் கட்சியின் பெரிய பொதுக்கூட்டம். ஊரின் மக்கள்தொகை நாலாயிரம் சொச்சம்தான். அன்று சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம் அதைப்போலப் பல மடங்கு. கூட்டத்தில் ராணுவ கேப்டன்கள் இருவர் சீருடை அணியாமல் நின்றிருந்தார்கள். ஒருவர் மேடையை ஒட்டி நின்று, பேச்சாளர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பேசியவர் கிளெமென்ட் வலாண்டிகம், முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர். அந்தக் குறிப்புகளை வைத்து நான்கே நாளில், நள்ளிரவுக்குப் பின் டேட்டனில் அவர் வீட்டுக் கதவை உடைத்து ராணுவம் அவரைக் கைதுசெய்தது. சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. சின்சினாட்டியில் ராணுவ ஆணையம் விசாரித்தது. குறிப்பெடுத்த கேப்டன் அங்கே முக்கியச் சாட்சி.

ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 13 அன்று, அதே ஊர்க்காரர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். ஒஹாயோவின் அடுத்த ஆளுநர் யார் என்பது கேள்வி. நின்ற இருவரில் ஒருவர் வலாண்டிகம்.

அன்றைய வாக்குகள் எப்படிப் போடப்பட்டன, எப்படி எண்ணப்பட்டன, அந்த எண்ணிக்கை எதை அளந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எண்ணிக்கை நேர்மையாக நடந்ததா என்பது ஒன்று. வாக்கு சுதந்திரமாக விழுந்ததா என்பது வேறொன்று. இந்தத் தேர்தலைப் பற்றி எழுதியவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

நாடு கடத்தப்பட்ட வேட்பாளர்

பின்னணி சுருக்கமாக. 1862 இலையுதிர்காலத் தேர்தலில் ஒஹாயோவின் 19 காங்கிரஸ் தொகுதிகளில் 14 ஐ ஜனநாயகக் கட்சி வென்றது. போர் சலிப்பூட்டியிருந்தது, அடிமை விடுதலை அறிவிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை, கட்டாய ஆள்சேர்ப்பு வரும் என்ற பேச்சும் இருந்தது. அந்த அலையிலும் வலாண்டிகம் தோற்றார். அவர் தொகுதியின் எல்லையை எதிர்க்கட்சியினர் மாற்றி வரைந்திருந்தார்கள். போரை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று சொன்ன அணிக்கு அவர் முகமானார். எதிரிகள் அந்த அணிக்குக் 'காப்பர்ஹெட்' என்று ஒரு விஷப்பாம்பின் பெயரை வைத்தார்கள். அவர்கள் அசரவில்லை. செப்புக்காசிலிருந்த சுதந்திர தேவியின் தலையை வெட்டியெடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

1863 ஏப்ரலில் தளபதி பர்ன்சைட் தமது 38 ஆம் எண் பொது ஆணையை வெளியிட்டார். எதிரிக்கு அனுதாபம் காட்டும் பேச்சுகூடக் கைதுக்குரிய குற்றம் என்றது அது. வலாண்டிகம் வேண்டுமென்றே அதை மீறினார். ஆணையம் விதித்தது போர் முடியும்வரை சிறை. அதிபர் லிங்கன் அதை மாற்றி, அவரைத் தென்பகுதிக்கே அனுப்பிவிடச் சொன்னார். டென்னசியில் எதிரிகளின் காவல்கோட்டில் அவர் இறக்கிவிடப்பட்டார். தென்பகுதிக்கும் அவர் வேண்டாத விருந்தாளிதான். அங்கிருந்து கப்பலேறி பெர்முடா வழியாகக் கனடா போய், டெட்ராய்ட் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள வின்ட்ஸரில் தங்கினார். இதற்கிடையே ஜூன் 11 அன்று கொலம்பஸ் மாநாட்டில் ஜனநாயகக் கட்சி அவரையே ஆளுநர் வேட்பாளராக அறிவித்தது. மாநிலத்துக்குள் கால்வைக்க முடியாதவர் மாநிலத்தை ஆளப் போட்டியிட்டார்.

யூனியன் கட்சி என்ற பெயரில் நின்ற எதிரணி ஜான் பிரஃப் என்பவரை நிறுத்தியது. இவரும் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்; பத்திரிகை நடத்தியவர், மாநிலக் கணக்காயராக இருந்தவர், ரயில்வே கம்பெனித் தலைவர். 'கட்சி பெரிதா, நாடு பெரிதா' என்று கேட்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

சாவடி நடந்த விதம்

இன்றைய வாசகர் முதலில் சில பழகிய படங்களை மனத்திலிருந்து அழிக்க வேண்டும். அன்று முன்கூட்டித் தயாரித்த வாக்காளர் பட்டியல் கிடையாது. அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டு கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று முத்திரை குத்தும் மறைவிடமும் கிடையாது. ஒஹாயோவின் 1851 அரசமைப்பு எல்லாத் தேர்தலும் சீட்டு மூலமே நடக்க வேண்டும் என்றது. அந்தச் சீட்டை யார் அச்சிடுவது என்ற கேள்வியைக் கட்சிகளிடம் விட்டுவிட்டார்கள்.

சீட்டு என்பது ஒரு துண்டுத்தாள். ஆளுநர் முதல் உள்ளூர்ப் பதவிவரை ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களின் பெயரும் அதில் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் கட்சிப் பத்திரிகையின் அச்சகத்திலேயே அது அச்சாகும். மவுண்ட் வெர்னனில் ஜனநாயகக் கட்சிக்கு 'டெமாக்ரட்டிக் பேனர்' என்ற ஏடு இருந்தது. எதிரணிக்குத் தனி ஏடு. ஊரின் செய்தியும் விளம்பரமும் வாக்குச்சீட்டும் ஒரே எழுத்துருவில், ஒரே மையில் வெளிவந்த காலம் அது. போர்க்காலத்தில் பத்திரிகை அலுவலகங்களைக் கும்பல்கள் அடித்து நொறுக்கிய சம்பவங்களை ஆய்வாளர்கள் பேச்சுரிமைப் பிரச்சினையாகவே பேசிவந்திருக்கிறார்கள். 1863 மார்ச்சில் கொலம்பஸில் 'தி கிரைசிஸ்' இதழின் அலுவலகத்தைச் சிப்பாய்கள் சூறையாடினார்கள். மே மாதம் வலாண்டிகம் கைதானதும் டேட்டனில் எதிரணிப் பத்திரிகையின் அலுவலகத்தை அவருடைய ஆட்கள் கொளுத்தினார்கள். அச்சகத்தை உடைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, வாக்குச்சீட்டு பிறக்கும் இடத்தையும் உடைத்தார்கள். இதை யாரும் போதிய அளவு அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை.

தேர்தல் நாளில் கட்சி ஆட்கள் கட்டுக்கட்டாகச் சீட்டுகளுடன் சாவடி வாசலில் நிற்பார்கள். வாக்காளர் ஒன்றை வாங்கிக்கொண்டு, அல்லது வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்து, நடுவர்களிடம் நீட்டுவார். டவுன்ஷிப்பின் அறங்காவலர்களே தேர்தல் நடுவர்கள். அவர்களும் வசந்தகாலத்தில் கட்சி அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். வருபவரின் அப்பாவையும் தெரியும், அவர் நிலத்தின் எல்லையும் தெரியும். நடுவர் சீட்டை வாங்கிப் பெயரை உரக்கச் சொல்வார். எழுத்தர்கள் பதிவேட்டில் வரிசையாக எழுதுவார்கள். சீட்டு பெட்டிக்குள் போகும்.

ஆட்சேபம் எழுந்தால் அங்கேயே தீர்ப்பு. வயது 21 ஆகிவிட்டதா, மாநிலத்தில் ஓராண்டு குடியிருந்தாரா, குடிமகன்தானா என்று சத்தியம் வாங்கிக் கேட்பார்கள். அரசமைப்பு வாக்குரிமையை 'வெள்ளை' ஆண்களுக்கு மட்டுமே கொடுத்தது. வெள்ளை இரத்தம் பாதிக்கு மேல் உள்ளவர் வெள்ளையரே என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1842 இல் சொல்லியிருந்தது. ஆகவே கலப்பினத்தவர் ஒருவர் வந்து நின்றால், அந்தப் பாதியைக் கண்ணாலேயே அளந்து முடிவு சொல்லும் அதிகாரம் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இருந்தது. பெண்களுக்கு வாக்கில்லை. ஆனால் கட்சி அடையாளம் அணிவதிலும் அதற்காகத் தெருவில் சண்டை போடுவதிலும் பெண்கள் பின்தங்கவில்லை என்று அக்காலப் பத்திரிகைகள் காட்டுகின்றன.

சட்டத்தின் பார்வையில் சீட்டு ரகசியம்தான், மடித்துத்தானே கொடுக்கிறார்கள்? நடைமுறையில் ஒவ்வொரு கட்சியின் சீட்டும் அளவிலும் தாளிலும் எழுத்திலும் வேறுபட்டது. யாருடைய கையிலிருந்து வாங்கினார் என்பதை வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்தபோதுகூட, அந்தப் பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். 1863 இன் ஒஹாயோக்காரருக்கு அந்தத் திரை இல்லை. வேறெந்த ஊரிலும் இதைச் சாதாரண அசௌகரியம் என்று விட்டுவிடலாம். மவுண்ட் வெர்னனில் விட முடியாது. மேடைப் பேச்சைக் குறிப்பெடுத்தவர்கள் யார், அதன் விளைவு என்ன என்பது அந்த ஊருக்குத் தெரியும். வலாண்டிகம் பெயர் அச்சிட்ட சீட்டைப் பொதுவில் கைநீட்டி வாங்குவது அங்கே ஒரு அறிவிப்பு.

பெட்டியிலிருந்து தலைநகருக்கு

சாவடி மூடியதும் அதே மேசையில், அதே ஆட்கள் எண்ணத் தொடங்குவார்கள். ஒருவர் சீட்டைப் பிரித்துப் பெயர்களைப் படிக்க, எழுத்தர்கள் கோடு கிழிப்பார்கள். இரண்டு சீட்டுகள் சேர்த்து மடித்திருந்தால் இரண்டும் கழிவு. பதிவேட்டில் உள்ள பெயர்களைவிடப் பெட்டியில் சீட்டு அதிகமாக இருந்தால், மிகையானவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அழிப்பது அக்காலத் தேர்தல் சட்டங்களில் பரவலாகக் காணப்பட்ட விதி. முரட்டுத்தனமாகத் தோன்றும் இந்த விதியின் நியாயம் எளிது. கள்ளச்சீட்டு எது என்று தெரியாதபோது, இரு தரப்புக்கும் சமமான ஆபத்தை வைப்பதே வழி.

பதிவேடுகள் கவுண்டித் தலைமையிடத்தில் உள்ள பொது வழக்கு நீதிமன்ற எழுத்தருக்குப் போகும். நாக்ஸ் கவுண்டிக்கு அந்தத் தலைமையிடம் மவுண்ட் வெர்னனே; 1850 களில் கட்டிய நீதிமன்றம் பொதுச் சதுக்கத்துக்கு அருகிலேயே இருந்தது. எழுத்தர், அமைதி நீதிபதிகள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எல்லா டவுன்ஷிப்களின் கணக்கையும் கூட்டித் தொகுப்பார். ஆளுநர் தேர்தலின் கணக்கு முத்திரையிட்டு மாநில மேலவைத் தலைவர் பெயருக்கு அனுப்பப்படும். சட்டமன்றக் கூட்டத்தொடரின் முதல் வாரத்தில், இரு அவைகளின் பெரும்பான்மை உறுப்பினர்கள் முன்னிலையில் அவர் அதைப் பிரித்து முடிவை அறிவிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் விதி. அக்டோபரில் விழுந்த வாக்குக்கு ஜனவரியில்தான் சட்டப்படியான முடிவு. ஊருக்கு முடிவு தெரிந்ததோ அன்றிரவே, தந்திக்கம்பி இருந்தது.

இந்தச் சங்கிலியில் எண்ணும் வேலை ஒவ்வொரு கண்ணியிலும் பல பேர் முன்னிலையில், எழுத்தில் நடந்தது. இரு கட்சி ஆட்களும் சாவடியைச் சுற்றியே இருந்தார்கள். ஒஹாயோ முழுவதும் ஒட்டுமொத்தமாக எண்ணிக்கை திருடப்பட்டது என்று நிறுவ எந்த ஆதாரமும் வரவில்லை. எண்ணியது சரி என்றே நான் கொள்கிறேன்.

கூடாரத்துப் பெட்டி

புதுமை வேறிடத்தில் இருந்தது. போருக்குப் போன வாக்காளர்கள் களத்திலேயே வாக்களிக்கலாம் என்று ஒஹாயோ சட்டமன்றம் 1863 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. பர்ன்சைட் ஆணை பிறந்த அதே மாதம். மவுண்ட் வெர்னனில் திரட்டிய கம்பெனிகள் 4 ஆவது ஒஹாயோ காலாட்படையில், வர்ஜீனியாவில் போட்டோமாக் படையுடன் இருந்தன. பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்த்துத் திரட்டிய 96 ஆவது படை தெற்கே லூசியானாவில் இருந்தது. வேறு பல ஒஹாயோ படைகள் சிக்கமாகா தோல்விக்குப் பின் சட்டனூகாவில் முற்றுகைக்குள், அரை வயிற்று ரேஷனில் கிடந்தன. அங்கெல்லாம் பெட்டி வைத்தார்கள், பதிவேடு எழுதினார்கள், அங்கேயே எண்ணினார்கள். எண்ணிய கணக்கு சொந்தக் கவுண்டியின் கணக்கோடு சேர்ந்தது.

களத்தில் தேர்தல் நடத்துவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு ஒரு சம்பவம். நவம்பர் 3 அன்று லூசியானாவின் கிராண்ட் கொட்டோ அருகே விஸ்கான்சின் மாநிலப் படைப்பிரிவு ஒன்று தன் மாநிலத் தேர்தலுக்கு வாக்களித்துக்கொண்டிருந்தபோது எதிரி தாக்கினான். மேலே சொன்ன 96 ஆவது ஒஹாயோவும் அன்று அதே முகாமில்தான் இருந்தது.

எல்லா மாநிலமும் ஒஹாயோவைப் பின்பற்றவில்லை. பென்சில்வேனியாவில் வாக்காளர் தன் சொந்தத் தொகுதியில் நேரில் நின்றுதான் வாக்களிக்க வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1862 இல் தீர்ப்பளித்தது. எனவே 1863 இல் அங்கே சிப்பாய்களுக்கு விடுப்பு கொடுத்து ரயிலேற்ற வேண்டியதாயிற்று. நியூயார்க் பிறகு சீட்டை உறையிலிட்டு ஊருக்கு அனுப்பும் முறையை வைத்து, உறைகள் வழியில் மாறிய புகாரில் சிக்கியது. ஒஹாயோவின் முறைதான் எண்ணுவதற்கு எளிது. அதன் சட்டபூர்வத்தை மாநில உச்ச நீதிமன்றமும் லேமன் எதிர் மக்பிரைட் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

எண்கள் இவை. படையினர் வாக்கில் பிரஃபுக்கு 41,467; வலாண்டிகத்துக்கு 2,288. நூற்றுக்கு 95 பேர் ஒரு பக்கம். ஊர்களில் விழுந்த வாக்கில் பிரஃபுக்கு ஏறத்தாழ 2,47,000, வலாண்டிகத்துக்கு 1,85,000. மொத்த வித்தியாசம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். புத்தகத்துக்குப் புத்தகம் இந்த மொத்தம் சில நூறு வேறுபடும். தாமதமாக வந்த பதிவேடுகளை யார் எப்போது கூட்டினார்கள் என்பதைப் பொறுத்தது அது. வாதத்தை மாற்றும் அளவு வேறுபாடு இல்லை.

ஆய்வாளர்களின் வழக்கு

இந்த எண்களை எப்படி வாசிப்பது? ஃபிராங்க் கிளெமென்ட், காப்பர்ஹெட்டுகளைத் துரோகிகளாகச் சித்திரித்தது பெரும்பாலும் எதிர்க்கட்சியின் பிரச்சாரம் என்று பல நூல்களில் வாதிட்டவர். வலாண்டிகத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 2006 இல் வந்த ஜெனிஃபர் வீபரின் நூல் அதற்கு நேரெதிர்: அந்த அணி போர்முயற்சிக்கு உண்மையான ஆபத்தாகவே இருந்தது என்கிறது. ஆர்னால்ட் ஷாங்க்மன் 1863 இன் படையினர் வாக்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஜோனதன் வைட், 1864 அதிபர் தேர்தலை முன்வைத்து, படையினர் வாக்கு முழுக்க மனமாற்றத்தின் விளைவல்ல, ஜனநாயகக் கட்சிச் சிப்பாய்கள் பலர் அச்சத்தால் வாய்மூடினர் அல்லது வாக்களிக்காமல் ஒதுங்கினர் என்று காட்டினார். ரிச்சர்ட் பென்சல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாவடிகளை, தகராறான தேர்தல்களின் சாட்சியங்களிலிருந்து மீட்டெடுத்தார். வாசலில் நடந்த தள்ளுமுள்ளு, சாராயம், மிரட்டல் எல்லாம் அதில் உண்டு.

பென்சலின் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தகராறு நடந்த சாவடிகளுக்கே சாட்சியம் கிடைக்கும். அமைதியாக நடந்த சாவடிக்கு யாரும் வாக்குமூலம் கொடுப்பதில்லை. அதை வைத்து எல்லாச் சாவடியும் கலவரக்காடு என்று முடிவுகட்டினால் தவறு. வைட்டின் வாதமோ முகாமுக்கு முழுதாகப் பொருந்துகிறது. அதிகாரியின் கண் முன்னால், உடன் படுத்துறங்கும் ஆட்களுக்கு நடுவில், எதிரிக்கு நண்பன் என்று பெயர்பெற்றவனின் சீட்டை நீட்ட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். 2,288 பேருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது என்பதே ஆச்சரியம்.

ஆனால் ஊர் வாக்கை அச்சத்தால் மட்டும் விளக்க முடியாது. ஊர்களில் வலாண்டிகத்துக்கு விழுந்த வாக்கு 1862 இல் ஜனநாயகக் கட்சி மாநிலத்தை வென்றபோது பெற்றதற்குக் குறைவில்லை. 1860 இல் ஸ்டீவன் டக்ளஸ் ஒஹாயோவில் பெற்ற ஏறத்தாழ 1,87,000 ஐயும் அவருடைய மொத்த வாக்கு எட்டியது. அதாவது அவருடைய ஆட்கள் பயந்து வீட்டில் உட்காரவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் சீட்டை வாங்கிப் போட்டார்கள். எதிரணி தன் ஆட்களை அதைவிடப் பெரும் எண்ணிக்கையில் திரட்டியதுதான் வித்தியாசம். வாஷிங்டன் அலுவலகங்களில் இருந்த ஒஹாயோ எழுத்தர்களுக்கு வாக்களிக்க விடுமுறை கிடைத்தது. நிதியமைச்சர் சேஸ் தாமே ஊருக்கு ரயிலேறினார். 1860 இல் தாம் நின்ற தேர்தலைவிட இந்தத் தேர்தல்களே தம்மை அதிகம் கவலைப்படுத்தின என்று லிங்கன் சொன்னதைக் கடற்படை அமைச்சர் வெல்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எட்வர்ட் எவரெட் ஹேல், வலாண்டிகத்தை மனத்தில் வைத்து 'நாடற்ற மனிதன்' என்ற புகழ்பெற்ற கதையை எழுதினார். தேர்தலுக்கு முன் வரவேண்டியது, டிசம்பர் இதழில்தான் வந்தது. கதை தாமதமானதால் பிரஃபுக்கு ஒன்றும் குறையவில்லை.

375

படையினர் வாக்கே வலாண்டிகத்தைத் தோற்கடித்தது என்ற பேச்சு இன்றும் உண்டு. கணக்கு அதை ஏற்காது. களப்பெட்டிகளை முழுதாகக் கழித்துவிட்டாலும் பிரஃப் 60,000 க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றிருப்பார்.

களப்பெட்டி உண்மையாகவே முடிவைப் புரட்டியது மறு ஆண்டு, மேரிலாந்தில். 1864 அக்டோபரில், அடிமைமுறையை ஒழிக்கும் புதிய மாநில அரசமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். விசுவாச உறுதிமொழி எடுக்காதவர்களை நடுவர்கள் திருப்பியனுப்பினார்கள். அப்படி வடிகட்டிய பிறகும் ஊர் வாக்கில் ஆதரவு 27,541, எதிர்ப்பு 29,536. படையினர் வாக்கு சேர்ந்ததும் ஆதரவு 30,174 ஆகவும் எதிர்ப்பு 29,799 ஆகவும் ஆயின. 375 வாக்கில் ஒரு மாநிலத்தில் அடிமைமுறை முடிந்தது. விளைவு நியாயமானது, வந்த வழி நெருடலானது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை மறைக்கக் கூடாது.

மவுண்ட் வெர்னன் தேர்தலுக்கும் இதே அளவுகோல்தான். அங்கே எண்ணியவர்கள் குற்றமற்றவர்கள். தோற்ற அணியின் வாக்கு உண்மையானது, ஏனென்றால் விலை தெரிந்தே போட்ட வாக்கு அது. வென்ற அணியின் வாக்கில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு அக்கம்பக்கத்தாரின் பார்வை என்று பிரித்துச் சொல்லும் தகவல் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சீட்டை வாங்கி, பெயரைச் சொல்லி, பெட்டியில் போட்ட அந்த முறைக்கு அதை அளக்கும் வழியே கிடையாது.

வலாண்டிகம் 1864 ஜூனில் மாறுவேடத்தில் ஒஹாயோ திரும்பி, பொதுமேடை ஏறிப் பேசினார். இம்முறை யாரும் கைதுசெய்யவில்லை. அரசே அச்சிட்ட சீட்டும் வாக்களிக்க மறைவிடமும் ஒஹாயோவுக்கு 1891 இல் வந்தன.